உயிரோடு இருந்தவளுக்கு வைத்த பூசை

சேசு மரி சூசை துணை

போட்டாதாங், யாங்கோன்
5 நவம்பர் 2024

தம்பி மதலைமுத்து,

உன் கடிதம் படிக்கப்பட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் பிலிப், என் மகள் ஏஞ்சலா, சித்தப்பா மகன் டேவிட், அவன் மனைவி ஹன்னா, பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் பெரியம்மா, கடிதத்தைக் கொண்டுவந்த ஜுல்ஃபிகர் பாய். வேறு ஒருவரும் இல்லை. யார் யார் காதில் விழுந்தது என்று பிறகு நீ கேட்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஏவே கல்லறைக்குப் போய், குழி மந்திரித்து, மழைச் சேற்றோடு பஸ் ஏறி வந்து, எல்லோருக்கும் மீன்சாறு மொஹிங்கா ஊற்றி வைத்திருந்தேன். அப்போது பாய் பாக்கு மூட்டைக்குள்ளிருந்து உன் உறையை எடுத்தார். அதன் மேலே “எல்லோர் முன்னாலும் படிக்கவும்” என்று எழுதியிருந்தாய். அப்பாவின் அடக்கத்துக்கு வராதவன், ஐந்து வருஷமாக ஒரு வரி எழுதாதவன், கடைசியில் மன்னிப்புக் கேட்டிருக்கிறான் என்று நினைத்து, உன் அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

பாதியில் நிறுத்தியிருக்கலாம். மனிதர் முழுவதையும் படித்தார்.

நம் அத்தை சவேரியம்மாள் 1942-இல் காட்டில் சாகவில்லை என்கிறாய். தமுவுக்கு மேலே மலையில் ஏதோ ஒரு சின் சாதிக்காரர் ஊரில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, கிழவியாகிச் செத்தாள் என்கிறாய். அவளுடைய பேத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் மோரேயில் உன் இட்லிக் கடையில் நிற்கிறாள் என்கிறாய். அது போதாதென்று, தாத்தாதான் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார் என்று எழுதியிருக்கிறாய். இத்தனையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் “பெண்ணை உன்னிடம் அனுப்புகிறேன்” என்கிறாய். ஒரு டசன் முட்டை அனுப்புவது போல.

அப்பா வருஷா வருஷம் இந்த நாளில் சொன்னதை நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்டாய்? ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊரே இந்தியாவுக்கு நடந்தது, தமு தாண்டி மலை ஏறியது, மழை, அட்டைக்கடி, ஆறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல், தாத்தா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனது, வெறும் தோளோடு திரும்பி வந்தது. மூங்கிலில் சிலுவை கட்டி ஒரு மரத்தடியில் நட்டதாகச் சொல்லும்போது அப்பா அழுவாரே, அதுவும் பொய்யா?

டேவிட் எழுந்து, “மோரேல இப்ப என்ன பொடி கெடைக்குதாம்? இவன் அதைத்தான் போடுறான்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போனான். ஏஞ்சலா மட்டும் கேட்டாள்: “அம்மா, அப்ப இன்னிக்குக் காலைல ஃபாதர் யார் பேரைப் படிச்சாரு?”

என் பிள்ளை கேட்டதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். எழுதியது தப்பு என்று நீயே எழுது. அதையும் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்கிறேன்.

உன் அக்கா
பிலோமினா



மோரே
22 நவம்பர் 2024

அக்காவுக்கு,

தப்பு என்று எழுத மாட்டேன். பொடி போடவும் இல்லை. டேவிட்டிடம் சொல், மோரேயில் இப்போது பொடிக்கே பஞ்சம். ஒன்றரை வருஷமாக இங்கே ஒரு சாதிக்காரன் தெருவுக்குள் இன்னொரு சாதிக்காரன் வர முடியாது. நாங்கள் தமிழர்கள் நடுவில் கடை வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறோம். இண்டர்நெட் என்றைக்கு இருக்கும், என்றைக்கு இருக்காது என்று யாருக்கும் தெரியாது. அங்கேயோ தெருவில் நிறுத்தி போனைத் திறந்து பார்க்கிறார்கள். அதனால்தான் பாக்கு மூட்டையில் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். மலையில் குண்டு விழுந்து ஓடி வந்த கூட்டம் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தங்கியிருக்கிறது. அதில் ஒரு பெண், நியாங் என்று பெயர், இருபத்திரண்டு வயது. பாத்திரம் கழுவுகிறேன், சாப்பாடு போதும் என்று வந்தாள். முதல் நாள் தட்டை முன்னால் வைத்ததும் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு வாய்க்குள் முணுமுணுத்தாள். என் கையிலிருந்த கரண்டி சட்னிக்குள் விழுந்துவிட்டது.

“பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க.”

அக்கா, இப்போது இதை யார் சொல்கிறார்கள்? நீயும் நானும் படித்தது “அருள் நிறைந்த மரியே.” அந்தப் பழைய ஜெபம் அப்பா வாயில் மட்டும்தான் இருந்தது. நான் பர்மிய பாஷையில் கேட்டேன், இது என்ன பாஷை என்று. “தெரியாது, பாட்டி சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வது” என்றாள். ஊர் முழுவதும் பாப்திஸ்து சபையாம். பாட்டி மட்டும் இப்படிச் சிலுவை போடுவாளாம், அதற்கு ஊரே சிரிக்குமாம்.

பிறகு அவளுடைய அப்பா வந்தார். சவேரியம்மாளின் மகன். ஆளைப் பார்த்தால் சின்காரர், காது மட்டும் அப்படியே நம் அப்பாவின் காது. அவர் தன் அம்மாவிடம் கேட்டதை எனக்குச் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, காலில் புண். அந்த மலையில் நடந்தவர்களுக்கு வந்த புண், எலும்பு தெரிகிற புண். நம் பாட்டி அப்போது சித்தப்பாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். நடக்க மாட்டாத பிள்ளையை விட்டுப் போகலாம் என்றால் பாட்டி அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அதனால் தாத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, பாதையை விட்டு மேலே இருந்த ஊருக்குப் போனார். ஒரு பெண்ணிடம் கொடுத்தார். பாஷை தெரியாது. வானத்தைக் காட்டி, மழை கொட்டுவது போல விரலை ஆட்டி, கையை விரித்து நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். மழை நின்றதும் வருவேன்.

வரவில்லை. மேலே முகாமில் வாந்திபேதி என்று பாதிக் கூட்டம் திரும்பியதே, அப்போது தாத்தாவும் திரும்பினார். ஆனால் வந்த வழியாக இறங்கவில்லை. வேறு வழியாக ஆற்றுப் பக்கம் இறங்கினார்.

அவள் ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் பாதை தொடங்குகிற இடத்தில் போய் உட்காருவாளாம். அங்கே மழை விடுவது அக்டோபர் கடைசியில். கணக்கு வைப்பதில் நீ கெட்டிக்காரி. அவள் அங்கே உட்கார்ந்திருந்த அதே வாரத்தில் நாம் ரங்கூனில் எந்தத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தோம், நீயே பார்த்துக்கொள்.

மதலைமுத்து



சேசு மரி சூசை துணை

யாங்கோன்
9 டிசம்பர் 2024

மதலைமுத்து,

ஒரு ஜெபத்தை எவரும் கற்றுக்கொள்ளலாம். அந்த மலையில் பழைய சாமியார்கள் நடந்திருக்க மாட்டார்களா? காது ஒரே மாதிரி இருக்கிறது என்கிறாய். போட்டாதாங் ஜெட்டியில் போய் நின்றால் அப்பா காதை டாலா படகு ஒன்றுக்குப் பத்துப் பேரிடம் காட்டுவேன்.

நீ எழுதிய கடைசி வரிக்காக நான் இரண்டு வாரம் பூசைக்குப் போயும் நற்கருணை வாங்கவில்லை. கோபத்தோடு வாங்கக் கூடாது. உன் அத்தான் “என்னாச்சு உனக்கு, சக்கரையா?” என்று கேட்டார். ஆமாம், சக்கரைதான் என்றேன்.

சரி, அவள் யாராகவும் இருக்கட்டும். பெண்ணை இங்கே அனுப்புகிறேன் என்கிறாயே, இங்கே எப்படி இருக்கிறது தெரியுமா உனக்கு? நீ விட்டுப் போன ரங்கூன் இல்லை இது. வீட்டில் ஒரு ராத்திரி யார் தங்கினாலும் வார்டு ஆபீசில் போய் எழுத வேண்டும். எங்கிருந்து வந்தார், மட்பொன்தின் அடையாள அட்டை எங்கே, எத்தனை நாள், வீட்டுக்காரருக்கு என்ன உறவு. எழுதாமல் வைத்திருந்தால், குடும்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து தலையை எண்ணுகிறார்கள். போன மாதம் கீழ்வீட்டு சாந்தகுமாரியின் தம்பி த்வாண்டேயிலிருந்து பானை விற்க வந்து, களைப்பில் இரண்டு நாள் படுத்துவிட்டான். அதற்கே அவள் மூன்று முறை போய் நின்று பதில் சொன்னாள். இவள் சண்டை நடக்கிற மலையிலிருந்து வருகிறாள். அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே போதும்.

என் வீட்டில் ஏஞ்சலா இருக்கிறாள். இருபத்துநாலு வயது. பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று கேட்டாலே வாசற்கதவைத் தாழ் போட்டுவிடுகிறேன். என் வீட்டு வாசலை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று அந்தோனியாருக்குச் செவ்வாய் தவறாமல் நோன்பு இருக்கிறேன். நீ வெளிச்சம் போட்டுக் காட்டுகிறாய்.

நீ எப்போதுமே இப்படித்தான். தமுவுக்கு வியாபாரத்துக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று அப்பா சோற்றுத் தட்டை விட்டெறிந்தார். “எங்க வேணும்னாலும் போ, அந்த மலைப்பக்கம் மட்டும் போகாதே” என்று கெஞ்சினார். பெற்றவர் பேச்சைத் தட்டிப் போனாய். அவர் செத்தபோதும் வரவில்லை. இப்போது அவருடைய குழியைத் தோண்ட வருகிறாய்.

பெண்ணுக்கு என்னால் முடிந்தது ஒரு போர்வையும் ஏஞ்சலாவின் இரண்டு கைலியும். பாயிடம் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் கேட்காதே.

பிலோமினா



மோரே
27 டிசம்பர் 2024

அக்கா,

போர்வை வந்தது. நியாங் அதைப் போர்த்திக்கொண்டு கிறிஸ்மஸ் பூசைக்கு என்னோடு வந்தாள். பிறகு அடுத்த நாள் அவர்களுடைய கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். பெயர் எழுதி, கைரேகை எடுத்து, கூட்டம் கூட்டமாகப் பாலத்தைத் தாண்டி அனுப்புகிறார்கள். அவள் அப்பா போய்விட்டார். போகும்போது என்னிடம், “என் அம்மாவை ஒரு தரம் இப்படி யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார்கள், நானும் அதையே செய்கிறேன்” என்றார். குத்திக்காட்டிச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

ஊர் இல்லை, அக்கா. எரிந்துவிட்டது. யார் எரித்தார்கள் என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதம் பல கை மாறும். அந்தப் பழைய சண்டையில் வெள்ளைக்காரன் அந்த ஊர் அரிசியைத் தின்றுவிட்டுப் போனான், ஜப்பான்காரன் பன்றியைத் தின்றுவிட்டுப் போனான். ஒரு குண்டின் பித்தளை உறையைக் கோவில் வாசலில் தொங்கவிட்டு, அதையே மணியாக எண்பது வருஷம் அடித்தார்களாம். இந்தச் சண்டையில் அதுவும் உருகிப் போயிற்று.

அவளை என் கடைக்குப் பின்னால் மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்திருக்கிறேன். எத்தனை நாள்? என் மாமனார் வீட்டில் சத்தம் போடுகிறார்கள். பாலம் தாண்டினால் அவள் அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, வேறு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காடுதான் இருக்கிறது.

ஜுல்ஃபிகர் பாயின் மனைவி சாயிமா வைத்தியத்துக்கு யாங்கோன் வருகிறார். கலேமியோ வரை லாரி, அங்கிருந்து விமானம். தன் கூட வருகிற பெண் என்று கூட்டி வருகிறேன் என்கிறார். ஜனவரி கடைசிக்குள் கிளம்ப வேண்டும்.

பயப்படுகிறாய், எனக்குத் தெரிகிறது. அதற்கும் வழி சொல்கிறேன். உறவு என்று எழுதாதே. வேலைக்காரி என்று எழுது. மலைப் பெண்கள் ரங்கூனுக்கு வீட்டு வேலைக்கு வருவது உலகத்துக்கே தெரியும், ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். தமிழ் வீட்டுக்கு எப்படியடா சின் உறவு என்று குடையவும் மாட்டார்கள். அவளிடமும் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

என்னை நம்ப வேண்டாம். சொர்ணம்மாள் பெரியம்மாவைக் கேள். நியாங்கின் தாத்தா, அதாவது சவேரியம்மாளின் புருஷன், கல்யாணமான புதிதில் ஒரு தரம் ரங்கூனுக்கு வந்தாராம். ஜெட்டிக்குப் பின்னால் நம் வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்றாராம். ஒருவன் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினானாம். என் கடிதத்தை அத்தான் படித்தபோது பெரியம்மாவும் அங்கே இருந்ததாக நீயே எழுதினாய். அன்று அவர் ஏதாவது வாயைத் திறந்தாரா? யோசித்துப் பார்.

மதலைமுத்து



சேசு மரி சூசை துணை

யாங்கோன்
14 ஜனவரி 2025

தம்பி மதலைமுத்து,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நேரே சொர்ணம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஊறின தேயிலை லபெயை மென்றுகொண்டிருந்தார். நான் கேட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.

“ஆமாடி, வந்தான். நான் அப்ப கொமரி. தெருக் கொழாயில தண்ணி புடிச்சிட்டு நின்னேன். சப்பை மூக்கு, தலைப்பாகை, முதுகுல ஒரு கூடை. உங்க தாத்தா பேரைச் சொல்லிக் கேட்டான். உங்க தாத்தா வெளிய வந்து பாத்தாரு. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு.”

“பாட்டி?”

“உள்ள அரிசி பொடச்சிட்டு இருந்தா. யாருன்னு கேட்டா. ‘தேன் விக்கிறவன்’னாரு. உங்கப்பன்தான் அவன் கையப் புடிச்சு மூலைக்கடைக்கு இழுத்துட்டுப் போனான். எளவட்டம் அவன் அப்ப. போறப்பவே அழுதான்.”

“என்ன சொல்லி அனுப்பினார்?”

“எங்கம்மா புள்ள செத்துப் போச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டா, இனிமே வராதீங்கன்னானாம். அவனே பின்னால எங்கிட்டச் சொல்லி, மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டான். நான் உங்க மாதா மேல செஞ்ச சத்தியத்த இத்தன வருஷம் காப்பாத்தியிருக்கேன்டி, மாரியாத்தா கும்புடுறவ.”

“கூடையில என்ன இருந்தது?”

“தேன்தான். மலைத்தேன், அவ எடுத்தது. தெரு பூராவும் நக்கினோம். உங்க பாட்டியும் ஒரு கரண்டி சாப்பிட்டா. நல்லாருக்கு, அவன் மறுபடி வந்தா வாங்கணும்னா.”

மதலை, நான் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது. அப்பாவைத்தான் திட்டினேன். பத்து வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைத் திட்டவில்லை. அந்தத் தேன்காரரைத் திருப்பி அனுப்பிய வாலிபனைக் கூட, பாட்டிக்காக என்று விட்டுவிடுவேன். ஆனால் பாட்டி செத்த பிறகு? அதற்குப் பிறகு அவரைத் தடுத்தது யார்? சவேரியம்மாள் மலையில் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு நவம்பரிலும் என் கையில் பூசைக் காணிக்கையைக் கொடுத்து, “அத்தை ஆத்துமத்துக்கு, மறக்காம குடுத்துட்டு வாம்மா” என்று அனுப்பினாரே. நான் ஓடிப் போய்க் கொடுத்தேனே. உயிரோடு பாதையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும் சுவாமி என்று என் வாயால் கேட்க வைத்தாரே. நீ தமுவுக்குப் போகாதே என்று தட்டை எறிந்தது உன் மேல் இருந்த பாசத்தால் இல்லை. பயத்தால். அந்தத் தட்டுச் சோற்றைக் கூட்டிப் பெருக்கியவள் நான். உன்னைத் திட்டிக்கொண்டே பெருக்கினேன்.

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். “பூசை வீணாகாதும்மா, ஆண்டவர் வேற யாருக்காவது குடுத்திருப்பார்” என்றார். “வீணாச்சான்னு நான் கேக்கல ஃபாதர், பொய் சொன்னதுக்கு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு கேக்குறேன்” என்றேன். “அவங்க பிள்ளைங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட” என்றார். இளம் சாமியார், ஆனாலும் சரியாகச் சொன்னார்.

டேவிட்டைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப எங்கப்பா பொறந்தது அவ கால்புண்ணு மேலயா அக்கா?” என்று கேட்டான். நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். ஏவே கல்லறையில் நம் குடும்பக் கல்லில் “1942-இல் காட்டில் மரித்த” என்று இருப்பதைச் செதுக்கி எடுக்க ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.

இனி நியாங்கைப் பற்றி.

அவள் வரட்டும். ஏஞ்சலா தன் கட்டிலில் பாதியை ஒதுக்கிவிட்டாள். ஆனால் வேலைக்காரி என்று எழுது என்றாயே, அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. உன் அத்தானும் அதையே சொன்னார். “ஒரு வார்த்தைதானே, எழுதிட்டுப் போவோம், அவளுக்கும் பாதுகாப்பு” என்றார். தாத்தாவும் ஒரு வார்த்தைதான் சொன்னார். செத்துப்போனாள் என்று. பாட்டிக்குப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு எண்பது வருஷம் மெழுகுவர்த்தி கொளுத்தினோம். நான் எழுதினால் அத்தையின் பேத்தி என்றுதான் எழுதுவேன். உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என் கையால் எழுதுவேன்.

எப்படியம்மா தமிழ் வீட்டுக்குச் சின் உறவு என்று கேட்பார்கள். கேட்கட்டும். சொர்ணம்மாள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன், முட்டி வலி என்றார். “ஒங்க முட்டிக்கு நான் சைக்கா வண்டி வைக்கிறேன், கூட வந்து வாயத் தொறங்க” என்றேன். ஒத்துக்கொண்டார். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. வார்டு ஆபீஸ் படியை ஜெபமாலை சொல்லிக்கொண்டேதான் ஏறுவேன். பயத்தோடேயே எழுதிவிட்டு வருவேன்.

அவளிடம் சொல், அவள் எனக்கு மகள் முறை. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். நீ சொன்னதற்குத் தலையாட்டினாளாமே, இனிமேல் அப்படித் தலையாட்ட வேண்டாம் என்றும் சொல்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனிக் கணக்கு. அப்பா அடக்கத்துக்கு நீ வராததை மன்னித்தேன் என்று நான் எங்கும் எழுதவில்லை, அதையும் பார்த்துக்கொள்.

எனக்கு வேண்டியது: அட்டையில் இருக்கிறபடி நியாங்கின் முழுப்பெயர், அவள் அப்பா பெயர், சாயிமா கிளம்புகிற நாள். பிறகு, சவேரியம்மாள் அத்தை உண்மையிலேயே செத்த தேதி. அதை டேவிட் கல்லில் வெட்ட வேண்டும், நான் ஃபாதரிடம் கொடுக்க வேண்டும். அவளுக்கு இன்னும் ஒரு பூசை கூட வைக்கவில்லை நாம்.

சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா
பிலோமினா